போர் வந்தா கேன்சர் காத்திருக்குமா? 12 படுக்கையில் ஆரம்பித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை!

விழுப்புரம் மாவட்டம், செஞ்சிக்குத் தெற்கே இருக்கும் சின்ன ஊர் பனமலை. ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயிலும், அதன் சுவரில் குடை நிழலில் ஒயிலாக நிற்கும் உமாதேவி ஓவியமும்தான் ஊருக்கு அடையாளம். சுமார் 1,300 வருஷம் ஆகியும் அந்த ஓவியத்தில் முகம் அழியாமல் இருக்கு.

இப்போ இப்படி யோசிச்சுப் பாருங்க. இந்த ஊரில் 45 வயசு பெண் ஒருவருக்கு, மாதவிடாய் நாள் இல்லாத நேரத்தில் ரத்தக்கசிவு வருது. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். அடிவயிற்றில் வலி. முதலில் யாரிடமும் சொல்ல மாட்டார். வயசு ஆகுது, நிற்கப் போற நேரம், அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். அதுக்கு அப்புறம் ஒரு நாள் கிராம சுகாதார செவிலியரிடம் வாய் திறப்பார்.

அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் என்று வழி இருக்கு. பஸ் இருக்கு. கஷ்டம்தான், ஆனா போய்ச் சேரலாம்.

70 வருஷத்துக்கு முன்னாடி இந்த வழி கிடையாது. அதை உருவாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி ஒழிப்புச் சட்டம், அவ்வை இல்லம், சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் என்றுதான் பாடப்புத்தகத்தில் அவரைப் படிச்சிருப்போம். ஆனா அவருடைய வாழ்க்கையில் ரொம்ப நாள் இழுத்த போராட்டம் புற்றுநோய்க்கு எதிரானது. அந்தப் போராட்டத்துக்கு நடுவில் ஒரு உலகப்போரும் வந்து போனது.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30. அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், கல்வித் துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தப் பின்னணியே அவருக்குப் பின்னாளில் பெரிய போராட்டம் ஒன்றைக் கொடுத்தது.

பெண் பிள்ளைக்குக் கையெழுத்து போடத் தெரிஞ்சா போதும் என்று நினைத்த காலம். முத்துலட்சுமி மெட்ரிக் முடித்து, மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகுதான் அவருக்குக் கதவு திறந்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பதக்கங்களோடு பட்டம். அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக வேலை செய்த முதல் பெண் என்ற பெயரும் அவருக்குத்தான்.

ஒரு பெண் டாக்டர் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, செஞ்சிக்குப் பக்கத்தில் திண்டிவனம் வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வரலாம்.

திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூணு சாவு

முத்துலட்சுமி சின்னக் குழந்தையாக இருந்த சமயம் அது. திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் இருந்தார். அவருடைய மகள் ஐடா, அப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவ வலி, குழந்தை வெளியே வரவில்லை. வீட்டில் டாக்டர் இருக்கார், ஆனா அவர் ஆண். வேற ஆம்பளை எங்க வீட்டுப் பொம்பளையைத் தொடக்கூடாது என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். டாக்டர் இல்லாத ஐடாவைத்தான் கூப்பிட்டார்கள். அவருக்கு எதுவும் தெரியாது.

விடியும்போது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த ராத்திரிதான் ஐடா ஸ்கடரை டாக்டர் ஆக்கியது. வேலூரில் மருத்துவமனை தொடங்கினார். 1918 ஆகஸ்ட்டில், முதல் உலகப்போர் இன்னும் முடியாத நேரத்தில், பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியும் ஆரம்பித்தார். அதுதான் இன்றைக்கு இருக்கும் சிஎம்சி.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கு. கருப்பை வாய் புற்றுநோயும் இதே கதவில்தான் மோதி நிற்கும். உள்ளே பரிசோதிக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதிக்கப் பெண் டாக்டர் வேண்டும், இல்லையென்றால் நோயாளி வரவே மாட்டார். முத்துலட்சுமி பட்டம் வாங்கிய 1912-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பெண் டாக்டர்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

கல்யாண வருஷத்திலேயே குண்டு

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். 1872-ம் ஆண்டு திருமணச் சட்டப்படி நடந்த கலப்புத் திருமணம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம்.

அதே வருஷம் செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. அடுத்த சில நாட்களில் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். நம்ம ஊர் அகராதியில் எம்டன் என்ற சொல் அப்போது ஏறியதுதான், இன்னும் இறங்கவில்லை.

போர் என்றால் எங்கேயோ ஐரோப்பாவில் நடப்பது என்று இருந்த சென்னைக்கு அது முதல் அடி. 28 வருஷம் கழித்து இதைவிடப் பெரிய பயம் வரப்போகிறது. அதற்கு முன்னாடி, முத்துலட்சுமி வீட்டுக்குள்ளேயே ஒரு இடி விழுந்தது.

தங்கையின் மரணம்

1923. முத்துலட்சுமியின் தங்கை இறந்துபோனார். மலக்குடல் புற்றுநோய். சீதபேதி என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். உண்மையான நோய் தெரிந்தபோது செய்ய ஒன்றும் மிச்சமில்லை.

அக்கா டாக்டர். மாமா டாக்டர். சென்னையில் பெரிய பெரிய மருத்துவர்களை நேரில் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலேயே இது நடந்தது என்றால், பனமலை மாதிரி ஒரு ஊரில் இருக்கும் பெண்ணின் கதி என்ன? இந்தக் கேள்வி அவரைக் கடைசி வரைக்கும் விடவில்லை.

1925-ல் அரசு உதவியோடு லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்படிப்பு. அங்கே ராயல் கேன்சர் ஹாஸ்பிட்டலைப் பார்த்தார். புற்றுநோய்க்கு என்றே தனி மருத்துவமனை, தனி டாக்டர்கள், தனி ஆராய்ச்சி. இந்தியாவில் அப்போது புற்றுநோய் என்றால் ஜெனரல் வார்டில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

அவர் லண்டனில் இருந்த அதே காலகட்டத்தில் இன்னொரு வேலையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. பெண் டாக்டர்கள் சிலர் சேர்ந்து, கருப்பை வாய் புற்றுநோயை ரேடியம் வைத்துக் குணப்படுத்த முடியுமா என்று ஆய்வு செய்து வந்தார்கள். ரேடியம் அடைத்த சின்னக் குழாயைக் கருப்பைக்குள் வைத்து, கட்டியைப் பக்கத்திலிருந்தே கதிர்வீச்சால் அழிக்கும் முறை. இன்றைக்குப் பிராக்கிதெரபி என்று சொல்கிறோமே, அதன் பாட்டி இது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத பெண்களும் பிழைக்க ஆரம்பித்தார்கள். இந்த முயற்சி வளர்ந்து, 1929-ல் லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியில் மேரி கியூரி மருத்துவமனை ஆனது. நோயாளிகளும் பெண்கள், டாக்டர்களும் பெண்கள்.

இந்த மருத்துவமனையின் பெயரை நினைவில் வச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

சட்டமன்றத்தில் ஒரே பெண்

ஊர் திரும்பிய கொஞ்ச நாளில், 1926 கடைசியில், சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் துணைத் தலைவராகவும் தேர்வானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். பெண்கள், குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை வேண்டும், பள்ளி மாணவிகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே பேசினார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்துக்கு எதிராக அவர் கொண்டுவந்த மசோதா பெரிய சண்டையைக் கிளப்பியது. அது முழுமையான சட்டமாக 1947 ஆனது. அந்தக் கதை பலருக்கும் தெரியும், விரிவாகப் போக வேண்டாம்.

1930-ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கிப் போட்டார். தேவதாசி வாழ்க்கையிலிருந்து தப்பித்து வந்த சிறுமிகளுக்குத் தங்க இடம் இல்லாதபோது தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்ததுதான்.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. படித்த கல்லூரி மேடை. அங்கே நின்று, சென்னைக்குப் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று கோரிக்கை வைத்தார். அதற்கு ஒரு வருஷம் முன்புதான் ஜெனரல் ஹாஸ்பிட்டலில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் தொடங்கியிருந்தது. கதிர்வீச்சு சிகிச்சைக்கு மாகாணம் முழுக்க மக்கள் நம்பி வந்த இடம் அது. ஆனால் அது பொது மருத்துவமனையின் ஒரு பகுதிதான். அவர் கேட்டது புற்றுநோயை மட்டுமே பார்க்கும் ஒரு இடம்.

கைதட்டினார்கள். வேலை நடக்கவில்லை. கேன்சர் வந்தால் சாவுதானே, அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம்.

நாலு வருஷத்தில் இரண்டாம் உலகப்போர் வெடித்தது.

போர் வந்தால் கேன்சர் நோயாளிக்கு என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு லண்டனில் கிடைத்த பதில் கொடூரமானது. 1939 செப்டம்பரில் போர் அறிவிக்கப்பட்டபோது, குண்டுவீச்சில் காயப்படுபவர்களுக்குப் படுக்கை வேண்டும் என்று பிரிட்டன் மருத்துவமனைகளைக் காலி செய்தது. இரண்டே நாளில் சுமார் 1,40,000 நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். புற்றுநோயாளிகளும் அதில் அடக்கம்.

அதோடு முடியவில்லை. மருத்துவமனைகளில் இருந்த ரேடியம் ஆபத்தான பொருள். குண்டு விழுந்து அது சிதறினால் அந்த இடத்தையே பயன்படுத்த முடியாது. அதனால் அதை எடுத்து, நிலத்தில் ஆழமாகத் துளை போட்டு உள்ளே இறக்கிப் பாதுகாத்தார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனா கருப்பை வாய் புற்றுநோய் வந்த பெண்ணின் மருந்து இப்போ மண்ணுக்கு அடியில் இருக்கு! மருத்துவமனைக் கட்டடம் நிற்குது, டாக்டர் இருக்கார், நர்ஸ் இருக்காங்க, சிகிச்சை இல்லை.

முதல் உலகப்போரிலும் இது நடந்திருக்கு. 1914-ல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, மேரி கியூரி தன் ஆய்வகத்தில் இருந்த ரேடியத்தை ஈயப் பெட்டியில் வைத்து, ரயிலில் போர்தோ நகரத்துக்குக் கொண்டுபோய் வங்கிப் பெட்டகத்தில் பத்திரப்படுத்தினார்.

அந்த ஹாம்ஸ்டெட் மேரி கியூரி மருத்துவமனை? 1944-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் தகர்ந்தது. பெண்களுக்காகப் பெண்கள் நடத்திய, கருப்பை வாய் புற்றுநோய் சிகிச்சையில் உலகமே திரும்பிப் பார்த்த இடம் ஒரே தாக்குதலில் போனது.

இங்கே சென்னையிலும் பயம் குறைவில்லை. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 6-ம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ம் தேதி திருகோணமலை. அடுத்து சென்னைதான் என்று ஊரே நம்பியது. பல லட்சம் பேர் கிளம்பினார்கள். அரசு அலுவலகங்கள் உள் மாவட்டங்களுக்கு மாறின. ரயிலில் இடம் இல்லை, மாட்டு வண்டிக்குக் கேட்ட கூலி. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று உண்மையிலேயே வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது, சேதம் பெரிதாக இல்லை.

ஊரே காலியாகும்போது, வாரக்கணக்கில் கதிர்வீச்சு எடுக்க வேண்டிய ஒரு பெண் என்ன செய்வார்? கருப்பை வாய் புற்றுநோய் ஒரு நாளில் கொல்லும் நோய் இல்லை. கிருமி தொற்றி, செல்கள் மாறி, புற்றாக ஆவதற்கே பெரும்பாலும் 10, 15 வருஷம் எடுக்கும். அவ்வளவு நிதானமான நோய். ஆனா சிகிச்சை ஆரம்பித்துவிட்டால் கதை தலைகீழ். இன்றைய முறைப்படி கதிர்வீச்சும் பிராக்கிதெரபியும் சேர்த்து சுமார் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் விட்டால், விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துக் கட்டி தெம்பாகும். குண்டு அந்தப் பெண் மேல் விழ வேண்டியதில்லை. அவர் போகும் ரோட்டில் விழுந்தாலே போதும்.

மெட்ராஸில் அந்தக் கேள்வி எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தகர்வதற்கு இங்கே ஒரு புற்றுநோய் மருத்துவமனையே கட்டப்பட்டிருக்கவில்லை. 1935-ல் கேட்டது, போர் முடிந்த 1945-லும் பேச்சாகவே இருந்தது.

63 வயதில் உண்டியல்

சுதந்திரம் வந்தது. முத்துலட்சுமிக்கு வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வயசில் பலரும் ஓய்வெடுப்பார்கள். இவர் 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலமாகப் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கினார். அரசு கொடுக்கவில்லையா, மக்களிடம் கேட்போம் என்பதுதான் கணக்கு.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சை படித்து வந்திருந்தார். நல்ல வருமானம் தரும் தனி பிராக்டீஸ் காத்திருந்தது. அம்மாவோடு நிற்பது என்று முடிவெடுத்தார்.

1952 அக்டோபர் 10-ம் தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18, அடையாறு காந்தி நகரில் கேன்சர் இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. 12 படுக்கைகள். கட்டடம் என்று சொன்னால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும், குடில் மாதிரிதான் இருந்தது. தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த வருஷம், 1955-ல், வி.சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசு வேலைக்கான வாய்ப்பை விட்டுவிட்டு வந்தவர், 2021-ல் இறக்கும் வரைக்கும் அங்கேதான் இருந்தார். கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் கதையை அவர் இல்லாமல் சொல்ல முடியாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட்-60 கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஆசியாவிலேயே முதல் கோபால்ட் இயந்திரம் என்கிறார்கள். உடம்புக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டியை வெளியிலிருந்தே தாக்கும் இயந்திரம். கருப்பை வாய் புற்றுநோய்க்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு இங்கே வந்த பெண் நோயாளிகளில் அதிகம் பேருக்கு இருந்தது இந்தப் புற்றுநோய்தான். பெரும்பாலானோர் கிராமத்துப் பெண்கள். முற்றிய நிலையில்தான் வந்தார்கள். இந்த இயந்திரம் வந்தபோது சுற்றிலும் குடில்கள்தான். அம்மாவும் மகனும் ஆடம்பரக் கட்டடம் கட்டிவிட்டு இயந்திரம் வாங்கவில்லை, இயந்திரத்தை வாங்கிவிட்டுத்தான் கட்டடத்தைப் பற்றி யோசித்தார்கள்.

1956-ல் பத்மபூஷன். 1968 ஜூலை 22-ம் தேதி முத்துலட்சுமி மறைந்தார். 82-வது பிறந்தநாளுக்கு 8 நாள்தான் பாக்கி. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் முதலமைச்சர் அண்ணா புற்றுநோயால் இறந்தார். அவருக்கும் சிகிச்சை நடந்தது அடையாறில்தான். அண்ணா பெயரில் காஞ்சிபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது அதே 1969-ல்தான். வட தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு அது இன்னொரு கதவு.

கடலுக்கு அந்தப் பக்கம்

முத்துலட்சுமி இறந்து 15 வருஷம் கழித்து, தமிழ் பேசும் பெண்களுக்கு நேரடியாகவே இந்தக் கேள்வி வந்தது. 1983 தொடங்கி 2009 வரைக்கும் இலங்கையில் போர்.

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவருக்குக் கருப்பை வாய் புற்றுநோய் என்றால் கதிர்வீச்சுக்கு அவர் போக வேண்டிய இடம் கொழும்புக்குப் பக்கத்தில் மஹரகம. சுமார் 400 கிலோமீட்டர். 1990-ல் ஏ9 சாலை அடைபட்டது. ராத்திரியில் கிளாலி கடல்நீரேரியைப் படகில் கடந்து போனவர்கள் உண்டு, வழியிலேயே சுடப்பட்டவர்களும் உண்டு. இந்தப் பக்கம் புலிகளிடம் பாஸ், அந்தப் பக்கம் ராணுவத்திடம் அனுமதி. இடையில் சில வருஷம் செஞ்சிலுவைச் சங்கக் கொடி கட்டிய கப்பல் பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்கு நோயாளிகளை ஏற்றிச் சென்றது. 2002-ல் சாலை திறந்தது, 2006 ஆகஸ்ட்டில் திரும்பவும் மூடியது.

ஒரு தடவை போய் வருவதற்கே இந்தப் பாடு. இதில் ஒரு மாசம், ஒன்றரை மாசம் தங்கி முழு சிகிச்சை எடுக்கணும். யார் கூடப் போவது? பிள்ளைகளை யாரிடம் விடுவது? சோதனைச் சாவடியில் நின்று, தன் உடம்பில் எங்கே என்ன நோய் என்று ஒரு சிப்பாயிடம் எப்படி விளக்குவது?

யாழ்ப்பாணத்தில் மருத்துவமனையும் பாதுகாப்பான இடமாக இல்லை. 1987 அக்டோபர் 21-ம் தேதி இந்திய அமைதிப்படை யாழ் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தபோது டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் உட்பட சுமார் 60, 70 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவோடு எத்தனை பெண்கள் ஆஸ்பத்திரி வாசல் ஏறத் தயங்கியிருப்பார்கள் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கு இருக்காது.

கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்கு வேறு கதை. பனமலை இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. முகாமில் வாழ்க்கை லேசானது இல்லை. ஆனா அரசு மருத்துவமனை வாசலுக்குப் போக நடுவில் எந்தப் படையிடமும் பாஸ் வாங்க வேண்டியதில்லை.

போர் முடிந்த பிறகு, 2011-ல் இலங்கையின் தெற்கு முனை தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரைக்கும் ஒரு நடைப்பயணம் நடந்தது. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் நடந்து, வழியெல்லாம் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்து 2013-ல் திறக்கப்பட்டது. 1990-ல் மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்குப் பகுதி அது. 1949-ல் அடையாறில் உண்டியல் தூக்கியவர்களுக்கு இந்த வழி நன்றாகவே புரிந்திருக்கும்.

இப்போ நிலைமை என்ன?

2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரு வருஷத்தில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய் புற்றுநோய் வருகிறது. சுமார் 80,000 பேர் இறக்கிறார்கள். போர் இல்லாத நாட்டில், ரோடு திறந்திருக்கும் நாட்டில் இந்த எண்ணிக்கை.

சென்னையில் இந்த நோய் குறைந்திருக்கு. 1980-களில் புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பித்தபோது பெண்களிடம் முதல் இடத்தில் இருந்தது கருப்பை வாய் புற்றுநோய். இப்போது அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய். கிராமங்களில் இறக்கம் அவ்வளவு வேகமாக இல்லை.

இதைத் தடுக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்று நிரூபித்ததும் தமிழ்நாடுதான். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள், 30 முதல் 59 வயது வரையான பெண்களுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். அசிட்டிக் அமிலம் என்றால் வேற ஒண்ணும் இல்லை, வினிகரில் இருப்பதுதான். தடவி ஒரு நிமிஷம் காத்திருந்தால், மாறிப்போன செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். 2007-ல் வந்த முடிவுகளின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. கரண்ட் இல்லாத இடத்தில்கூட செய்யலாம். போர் நடக்கும் நாடுகளில் இந்த முறையைப் பற்றி அதிகம் பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

தமிழ்நாடு அரசு 2007-ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, 2012 முதல் மாநிலம் முழுக்க விரிவுபடுத்தியது. நோய்க்குக் காரணமான எச்பிவி கிருமிக்குத் தடுப்பூசியும் இருக்கு. 14 வயது சிறுமிகளுக்கு அதைப் போடும் திட்டம் 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

முத்துலட்சுமியின் பிறந்தநாளான ஜூலை 30, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினம். கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அவர் பெயரில்தான் இருக்கு. பனமலையில் அந்தப் பணத்தை வாங்கிய பெண்களுக்கு அவர் பெயர் கட்டாயம் தெரிந்திருக்கும். அதே கிராம சுகாதார செவிலியரிடம் இன்னொன்றையும் கேட்கலாம்.

30 வயசைத் தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சில நிமிஷம்தான் ஆகும், தங்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தக்கசிவு இருந்தாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104 எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.